முப்பது சதவீதப் பாட்டு

1960களில் டொராண்டோவின் யார்க்வில் பகுதிக் காபிக் கடைகளில் கிதாரோடு பாடித் திரிந்தவர்கள் ஜோனி மிட்செலும் நீல் யங்கும். இருவரும் அமெரிக்காவுக்குப் போன பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. கனடாவில் தங்கிப் பிழைப்பது எளிதாக இல்லை. உள்ளூர் வானொலிகளே அமெரிக்கப் பாடல்களைத்தான் ஓயாமல் போட்டுக்கொண்டிருந்தன.

1971 ஜனவரியில் கனடிய வானொலி தொலைக்காட்சி ஆணையம் குறுக்கிட்டது. ஏ.எம். நிலையங்கள் ஒலிபரப்பும் பாடல்களில் 30 சதவீதம் கனடியப் பாடல்களாக இருக்க வேண்டும் என்றது. எது கனடியப் பாட்டு? இசை, பாடகர், பதிவான இடம், வரிகள் என நான்கு அளவுகோல்கள். இரண்டில் தேறினால் போதும்.

நிலையங்கள் முணுமுணுத்தன. சில, ஆள் கேட்காத நேரத்தில் உள்ளூர்ப் பாடல்களை அடுக்கிக் கணக்கை நேர்செய்தன. சட்டத்தில் சந்து கண்டுபிடிக்க எந்த நாட்டிலும் ஆளுக்குப் பஞ்சமில்லை! ஆனாலும் உள்ளூர் இசைத்தட்டுத் தொழில் காலூன்றியது. நாட்டின் இசை விருதுக்கே ஆணையத் தலைவர் பியர் ஜூனோவின் பெயரையொட்டி ‘ஜூனோ’ என்று பெயர் வந்தது.

கூத்து நடந்தது 1991இல். ஒன்டாரியோவின் கிங்ஸ்டனில் பிறந்த பாடகர் பிரையன் ஆடம்ஸ், ‘வேக்கிங் அப் தி நெய்பர்ஸ்’ ஆல்பத்தின் பாடல்களை மட் லாங்குடன் சேர்ந்து எழுதினார். லாங் கனடியர் அல்லர். பதிவும் பெரும்பாலும் வெளிநாட்டில். பாடகர் என்ற ஒரே அளவுகோலில் மட்டும் தேறியதால் அவை கனடியப் பாடல்கள் அல்ல என்றானது. ஆடம்ஸ் கொதித்துப்போய்ப் பகிரங்கமாகவே விதியைச் சாடினார். பிறகு கூட்டாக எழுதுவோருக்காக விதி தளர்ந்தது. 1999இல் வெகுஜனப் பாடல்களுக்கான ஒதுக்கீடு 35 சதவீதமாக உயர்ந்தது.