பணி முடிந்த நாய்

வைகை அணைக்குத் தென்மேற்கே, கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது கோம்பை. செவலை உடம்பும் கருத்த முகமுமாகக் காவலுக்குப் பேர்போன கோம்பை நாயின் ஊர். எங்கள் தோட்டத்து நாய் கிழடான பிறகும் அதற்குச் சோறு வைத்த பிறகே அப்பா சாப்பிடுவார். அதனால்தான் 2015-இல் வந்த அந்தச் செய்தியை என்னால் தாங்க முடியவில்லை. வேலைக்கு உதவாமல் போன ராணுவ நாய்களைக் கருணைக்கொலை செய்வது வழக்கமாம். தகவல் உரிமைச் சட்டக் கேள்விக்கு வந்த பதில் அது. கண்ணிவெடியை மோப்பம் பிடித்துச் சிப்பாய்களைக் காத்த உயிர்களுக்கா இந்த முடிவு!

அதே ஆண்டு ஆகஸ்டில், காஷ்மீரில் ஊடுருவலைத் தடுக்கையில் மான்சி என்ற லாப்ரடாரும் அதைக் கையாண்ட வீரர் பஷீர் அகமது வாரும் சேர்ந்தே உயிர்விட்டார்கள். மான்சியின் பெயர் அரசிதழில் ஏறியது.

கருணைக்கொலை விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போன பின் கொள்கை மாறியது. இன்று மீரட்டில் ஓய்வுபெற்ற நாய்களுக்கு இல்லம் உண்டு. விரும்புவோர் தத்தெடுக்கவும் செய்யலாம்.