வணக்கம் சொல்லாத ஒல்லாந்தர்

திருமணமாகி நெதர்லாந்துக்குச் சென்ற என் பெறாமகள், அங்கு மொழி வகுப்பில் சேர்ந்த புதிதில் தொலைபேசியில் அழைத்தாள். "பெரியப்பா, இந்த மொழி நாக்கிலை ஏறுதில்லை" என்று சலித்துக்கொண்டாள். "நீ ஊரிலையே கொஞ்சம் படிச்சிட்டுத்தானே போனனீ" என்றேன். அவள் நம்பவில்லை.

1658 ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், 1795 இல் ஆங்கிலேயரிடம் அதனை இழக்கும்வரை 137 ஆண்டுகள் குடாநாட்டை ஆண்டனர். அவர்கள் போய்விட்டனர், சொற்கள் தங்கிவிட்டன. அலுவலகத்தை நாம் கந்தோர் என்கிறோம். அவர்கள் இன்றும் 'கன்டோர்' என்கிறார்கள். மேசை லாச்சி அவர்களுடைய 'லாட்யெ'. கறிக்கு அரியும் போஞ்சி 'போன்ட்யெஸ்'. உறுதி முடிக்கும் நொத்தாரிசு 'நோட்டாரிஸ்'. கக்கூசும் அவர்கள் தந்ததே. "அந்தச் சொல்லை மட்டும் அங்கை சொல்லிப்போடாதை, இப்ப அது அவைக்கு மரியாதையில்லாத சொல்லு" என்று எச்சரித்தேன்.

பின்னர் அப்பட்டியலை எண்ணிப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. எல்லாம் பொருள்களின், இடங்களின், பதவிகளின் பெயர்கள். வணக்கமோ நன்றியோ நலம் விசாரிப்போ அவற்றில் இல்லை.

காரணத்தைத் தேடத் தொலைவு போகவேண்டியதில்லை. ஒல்லாந்தர் வந்தபோது கரையோரங்களில் போர்த்துக்கேயமே பொதுமொழியாய் வழங்கியது. 1672 இல் தம் நூலை வெளியிட்ட பால்டேயுஸ் பாதிரியார், அதில் தமிழ் எழுத்துக்களை விளக்கினார். நம் மக்களுக்கும் ஆட்சிக்கும் இடையே எப்போதும் ஒரு மொழிபெயர்ப்பாளர் நின்றார். நம்முடைய வழக்கங்களின் தொகுப்பாகிய தேசவழமையே 1707 இல் கிளாஸ் ஐசாக்சால் ஒல்லாந்த மொழியில் எழுதப்பட்டு, பின்னர் தமிழாக்கப்பட்டு, 12 முதலிமாரின் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஆள்வோரும் ஆளப்பட்டோரும் கந்தோரில் சந்தித்தார்கள். திண்ணையில் அமர்ந்து பேசிக்கொள்ளவில்லை.

1980களின் நடுப்பகுதியில் நம்மவர் அகதிகளாக அந்நாட்டில் இறங்கியபோது நிலைமை தலைகீழாயிற்று. இப்போது இடையில் நிற்க எவருமில்லை, பேசியே ஆகவேண்டும்.

சில மாதங்களின் பின் பெறாமகள் மீண்டும் அழைத்தாள். பக்கத்து வீட்டு மூதாட்டிக்குக் காலையில் 'ஹூடெமோர்ஹென்' என்று வணக்கம் சொன்னாளாம். வடை கொடுத்தபோது மூதாட்டி 'டாங்க் யூ வெல்' என்று நன்றி சொன்னாராம். 137 ஆண்டுகளில் நமக்குக் கிடைக்காத இரு சொற்களும் ஒரு வாசற்படியில் கிடைத்துவிட்டன.