கேமரா பைக்குள்ளயே இருக்கட்டும்

பொட்டி தட்டுறது போக, மாசம் ஒரு ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டோரம் புகைப்படப் பட்டறை நடத்துறேன். வர்றவங்க முதல்ல கேக்குறது லென்ஸ் விலை. நான் சொல்றது மா. கிருஷ்ணன் கதை.

நெல்லையில் 1912-ல் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல கேமரா பாகங்களை ஒட்டுப்போட்டு, 'சூப்பர் பாண்டரோசா'ன்னு பேரும் வச்சு, கறுப்பு வெள்ளையில யானைகளை எடுத்தார். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996-ல் இறக்கும் வரை இயற்கைப் பத்தி எழுதினார். படம் பாதி, கவனிச்சு எழுதினது பாதி.

அந்த ரெண்டாவது பாதி எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சது. நான் போன முதல் பட்டறையில, ஒரு கூட்டைச் சுத்தி பத்துப் பேர் நின்னோம். தாய்க்குருவி சாயங்காலம் வரை திரும்பல. அந்தப் படத்தை யார்கிட்டயும் காட்டினதில்லை.

இந்தக் காடு 1988-ல் நரை அணிலுக்காகச் சரணாலயமாச்சு. 2021-ல் மேகமலையோட சேர்ந்து புலிகள் காப்பகம். இங்க முதல் ஒரு மணி நேரம் நோட்டும் பேனாவும் மட்டும்தான் மக்களே.