மூன்று பெயர்களும் ஒரு பட்டியலும்

சட்டமன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பேட்டைச் சுவைக்காகப் படிப்பவர் அரியர். மசோதாவின் எண், அதனைக் கொணர்ந்தவர் பெயர், ‘ஆம்’ என்றோர் பட்டியல், ‘இல்லை’ என்றோர் பட்டியல், ஈற்றில் இரண்டு எண்கள். அதில் பெரும்பாலும் காணக் கிடைப்பவை இவையே. எனினும், ஓர் உறுப்பினரை அளந்தறிவதற்கு அவருடைய வாக்குப் பதிவைப் போன்ற அளவுகோல் வேறில்லை என்பர். மேடையிற் பேசியது காற்றோடு போகும். அவையில் அளித்த வாக்கு ஏட்டில் நிற்கும். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அந்த ஏட்டைப் படிக்கத் தெரிந்திருத்தல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் டென்னசி மாநிலத்தில், 1920ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் பிரதிநிதிகள் சபையில் நிகழ்ந்த வாக்கெடுப்பு இதற்குத் தக்க சான்று. அதன் இறுதிப் பட்டியலில் ‘ஆம்’ என்றோர் வரிசையில் பர்ன், டர்னர், வாக்கர் என மூன்று பெயர்கள் காணப்படும். எழுத்தில் மூன்றும் ஒன்றே. பொருளிலோ மூன்றும் மூன்று திசை.

அதற்குமுன் ஒரு சொல். உறுப்பினர் எவர் எப்பக்கம் வாக்களித்தார் என்பதை மக்கள் அறிவதென்பது தொடக்கம் முதலே இருந்த உரிமை அன்று. இங்கிலாந்தில் 1641ஆம் ஆண்டு, ஸ்டிராபோர்டு பிரபுவைக் குற்றவாளியாக்கி மரண தண்டனை விதிக்கும் மசோதா காமன்ஸ் சபையில் 204 வாக்குகளுக்கு 59 என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தோரின் பெயர்களை யாரோ பொது இடத்தில் ஒட்டி, அவர்களை நாட்டைக் காட்டிக் கொடுத்தோர் என்று பழித்தனர். பெயர் வெளிவந்தால் உயிருக்கே இடர் நேரும் என்ற அச்சம் அந்நாளில் வீண் அச்சம் அன்று. அந்தச் சபை வாக்களித்தோர் பெயர்களைத் தானே முறையாக வெளியிடத் தொடங்கியது 1836இல்தான். அமெரிக்க அரசியலமைப்போ, வந்திருக்கும் உறுப்பினரில் ஐந்தில் ஒரு பங்கினர் கோரினால் பெயர்வாரியான வாக்கைக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும் என்று தொடக்கத்திலேயே விதித்துவிட்டது.

இனி டென்னசிக்கு வருவோம். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற குரல் அந்நாட்டில் 1848இல் செனிகா பால்ஸ் என்னும் ஊரில் கூடிய மாநாட்டில் எழுந்தது. சூசன் ஆன்டனி அம்மையார் 1872இல் துணிந்து வாக்களித்தமைக்காகக் கைது செய்யப்பட்டார். அரசியலமைப்புத் திருத்தம் 1878இல் முதன்முதலாகக் காங்கிரஸில் கொணரப்பட்டது. அது அங்கு நிறைவேற நாற்பத்தோர் ஆண்டுகள் சென்றன. அம்மையார் 1906இலேயே காலமாகிவிட்டார். 1919ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரதிநிதிகள் சபையும், ஜூன் மாதத்தில் செனட் சபையும் ஒப்புதல் அளித்தன. ஆயின் அத்துடன் முடியவில்லை. அந்நாளில் இருந்த 48 மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு, அதாவது 36 மாநிலங்களின் சட்டமன்றங்கள் ஏற்றால்தான் திருத்தம் உயிர்பெறும். 1920 மார்ச்சு முடிவதற்குள் 35 மாநிலங்கள் ஏற்றுவிட்டன. எஞ்சியது ஒன்றே. அந்த ஒன்றாக டென்னசி அமையுமா என்பதே கேள்வி.

ஆளுநர் ராபர்ட்ஸ் ஆகஸ்டு 9ஆம் நாள் சிறப்புக் கூட்டம் கூட்டினார். தலைநகரான நாஷ்வில், ஏதோ திருவிழாவுக்குக் கூடிய ஊர் போலாயிற்று. வாக்குரிமை கோரியோரின் தலைவியான கேரி சாப்மன் கேட் அம்மையார் வந்து தங்கினார். எதிர்த்தோரும் வந்தனர், அவர்களுக்குத் தலைமை தாங்கியவரும் ஜோசபின் பியர்சன் என்னும் ஒரு பெண்மணியே! ஆதரிப்போர் மஞ்சள் ரோசாவும் எதிர்ப்போர் சிவப்பு ரோசாவும் சட்டையில் அணிந்தனர். வாயைத் திறவாமலே ஒருவரின் கருத்தை மற்றவர் அறிந்துகொள்ள வழி பிறந்தது. மாநிலச் செனட் சபை 13ஆம் நாள் 25 வாக்குகளுக்கு 4 என்று எளிதில் ஏற்றது. பிரதிநிதிகள் சபையில்தான் முடிச்சு விழுந்தது. அச்சபையின் தலைவர் சேத் வாக்கர் முன்னர் ஆதரவாளராக இருந்து, பின்னர் எதிர்ப்பாளரின் தலைவராகவே மாறிவிட்டவர்.

18ஆம் நாள் சபையில் இருந்தோர் 96 பேர். தமக்குப் போதிய வலிமை உண்டென நம்பிய வாக்கர், தலைவர் இருக்கையை விட்டிறங்கி, தீர்மானத்தை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். ஒதுக்கி வைத்தல் என்பது மென்மையான கொலை. நேரே ‘இல்லை’ என்று சொல்லும் பழி இன்றி ஒரு மசோதாவைக் கிடப்பில் போடலாம். எழுத்தர் பெயர்களை அகரவரிசையில் ஒவ்வொன்றாக அழைத்தார். (வாக்குகளை நொடியில் எண்ணும் மின்பொறி அந்நாளில் இல்லாமல் இல்லை. எடிசன் பெற்ற முதல் காப்புரிமையே 1869இல் அத்தகைய பொறிக்குத்தான். சட்டமன்றத்தார் அதனை விரும்பவில்லை. பெயர்களை மெல்ல அழைக்கும் நேரத்தில் மனங்களை மாற்றலாம் அன்றோ? 1917இல் விஸ்கான்சின் மாநிலச் சபைதான் முதன்முதலாக மின்பொறியை ஏற்றது.) முடிவு 48க்கு 48. மீண்டும் அழைத்தனர். மீண்டும் 48க்கு 48. சமநிலையில் நின்றதால் முன்மொழிவு தோற்றது.

அந்த இருமுறையும் ஒதுக்கி வைப்பதற்கு ஆதரவாக வாக்களித்தவர்களுள் ஒருவர் ஹாரி பர்ன். வயது 24. சட்டமன்றத்தில் அவரே மிக இளையவர். மெக்மின் மாவட்டத்தைச் சேர்ந்த குடியரசுக் கட்சியினர். சட்டையில் சிவப்பு ரோசா. அவருடைய தொகுதியில் எதிர்ப்பு மிகுதி. வரும் நவம்பரில் அவர் மீண்டும் தேர்தலில் நிற்க வேண்டியவர். ஒதுக்கி வைக்கும் தீர்மானம் வீழ்ந்ததும், திருத்தத்தை ஏற்பதா மறுப்பதா என்னும் நேர்க் கேள்வியை வாக்கெடுப்புக்கு விட்டனர். இதிலும் 48க்கு 48 வந்தால் திருத்தம் வீழும். ஏனெனில் ஏற்பதற்குப் பெரும்பான்மை தேவை. எதிர்ப்பாளர் அதனையே நம்பியிருந்தனர். பெயர்கள் அழைக்கப்பட்டன. தொடக்கத்திலேயே பர்னின் பெயர் வந்தது. ‘ஆம்’ என்றார் அவர். அவை ஒரு கணம் திகைத்தது.

அவருடைய சட்டைப் பையில் அன்று காலை வந்த கடிதம் ஒன்று இருந்தது. நயோட்டா என்னும் சிற்றூரில் பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்த கைம்பெண்ணாகிய அவருடைய தாய் பெப் பர்ன் எழுதியது. ஏழு பக்கம். ஊர்ச் செய்திகளுக்கும் வீட்டுச் செய்திகளுக்கும் இடையில், வாக்குரிமைக்கு வாக்களி, ஐயத்தில் நில்லாதே என்று மகனுக்கு எழுதியிருந்தார். எதிர்ப்பாளர் ஒருவரின் பேச்சு மிகக் கசப்பாக இருந்ததென்றும், தன் மகன் என்ன நிலை எடுத்தான் என்று செய்தித்தாளில் தேடியும் காணவில்லை என்றும் குறிப்பிட்டிருந்தார். நல்ல பிள்ளையாக இருந்து கேட் அம்மையாருக்கு உதவும்படி வேடிக்கையாக ஒரு சிலேடையும் சேர்த்திருந்தார். பண்ணையில் உழைக்கும் எழுத்தறிவற்ற ஆண்மகனும் வாக்களிக்கலாம். நாள்தோறும் செய்தித்தாள் படித்து நாட்டு நடப்பை அறிந்த அப்பெண்மணி வாக்களிக்க இயலாது. அந்நாளைய சட்டம் அது.

தாயின் கடிதம் மகன் மனத்தை மாற்றியது என்று கதையை இங்கே முடித்துவிடுதல் எளிது. பலர் அவ்வாறே முடிக்கின்றனர். ஆனால் பர்னின் ஒரு வாக்கு மட்டும் போதியதாக இல்லை. பாங்க்ஸ் டர்னர் என்பவர் கிப்சன் மாவட்டத்தைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர். ஒதுக்கி வைக்கும் தீர்மானம் சமநிலையில் நின்றதே, அதற்குக் காரணமானவர்களுள் அவரும் ஒருவர். இரண்டாம் முறை பெயர் அழைக்கப்பட்டபோது வாக்கர் அவர் தோள்மேல் கைபோட்டுக் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார் என்பர். டர்னர் அசையவில்லை. இறுதி வாக்கெடுப்பில் தம் பெயர் வந்தபோது அவர் மௌனமாக இருந்தார். பட்டியல் முடிந்தபின் எழுந்து, தம் வாக்கை ‘ஆம்’ எனப் பதியுமாறு வேண்டினார். எண்ணிக்கை 49க்கு 47 ஆயிற்று. அவர் ‘இல்லை’ என்றிருந்தால் மீண்டும் 48க்கு 48. திருத்தம் அன்றே வீழ்ந்திருக்கும். பர்னுக்குச் சிலை உண்டு, நூல்கள் உண்டு. டர்னரை அறிந்தோர் சிலரே. அவரைப் பற்றிச் சொல்ல ஒரு தாயின் கடிதம் கிடைக்காமற் போனதே காரணம் போலும்! வாக்குப் பதிவேடு இந்த வேறுபாட்டைச் செய்யவில்லை. இருவருக்கும் ஓரளவு இடமே தந்திருக்கிறது.

மூன்றாம் பெயருக்கு வருவோம். முடிவு அறிவிக்கப்பட்டதும், எதிர்ப்பாளரின் தலைவரான வாக்கர் எழுந்து தம் வாக்கை ‘இல்லை’யிலிருந்து ‘ஆம்’ என மாற்றிக்கொண்டார். பதிவில் எண்ணிக்கை 50க்கு 46 ஆயிற்று. மனம் மாறிற்றா? இல்லை. வென்ற பக்கத்தில் வாக்களித்தவரே அம்முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரலாம் என்பது அவை விதி. தோற்றவர், தோற்ற முடிவைக் கவிழ்ப்பதற்காகவே வென்றவரோடு சேர்ந்துகொண்டார். இந்த விதியை அறியாத ஒரு மாணவன் நூறாண்டுக்குப் பின் அந்தப் பட்டியலை மட்டும் எடுத்துப் பார்த்தால், பெண்களின் வாக்குரிமைக்குத் துணைநின்ற பெருமக்களுள் சேத் வாக்கரையும் சேர்த்துப் புகழ்வான். அதே மாணவன் முதல் இரண்டு வாக்கெடுப்புகளை மட்டும் கண்டால், ஹாரி பர்னைப் பகைவர் வரிசையில் வைத்துவிடுவான்.

பர்ன் தம் வாக்கைப் பதிவேட்டின் ஒற்றைச் சொல்லோடு விட்டுவிடவில்லை. கையூட்டுப் பெற்றார் என்ற பழி உடனே எழுந்தது. மறுநாள் 19ஆம் தேதி, தம் விளக்கத்தை அவைக் குறிப்பேட்டில் ஏற்றுவித்தார். வாக்குரிமை பெண்களின் உரிமையே என நம்புவதாகவும், திருத்தத்தை ஏற்க அவைக்கு அறத்தாலும் சட்டத்தாலும் உரிமை உண்டென்றும், தாயின் அறிவுரையைக் கேட்பதே மகனுக்குப் பாதுகாப்பு என்றும் கூறினார். கோடிக்கணக்கான பெண்களை விடுவிக்கும் வாய்ப்பு மனிதர்க்கு அரிதாகவே வாய்க்கும் என்றார். இறுதியாக, இப்பெருமை தம் கட்சிக்கு வரவேண்டும் என்று விரும்பியதையும் மறைக்கவில்லை. இக்கடைசிக் காரணத்தைச் சொன்னதனால் ஏனையவற்றின்மீது எனக்கு நம்பிக்கை கூடுகிறது. அரசியலில் இருப்பவர் கட்சியின் நலனை எண்ணவேயில்லை என்று சொன்னால்தான் ஐயுற வேண்டும்.

இதற்கிடையே எதிர்ப்பாளர் முப்பதுக்கும் மேற்பட்டோர் இரவோடிரவாக ரயிலேறி, எல்லை தாண்டி அலபாமா மாநிலத்தின் டிகேட்டர் நகரை அடைந்தனர். அவை நடத்தத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் இல்லாமற் செய்வதே அவர்கள் எண்ணம். எஞ்சியிருந்தோர் 21ஆம் நாள் மறுபரிசீலனைக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தனர். 24ஆம் நாள் ஆளுநர் சான்றிதழில் கையொப்பமிட்டார். 26ஆம் நாள் விடியற்காலையில், வாஷிங்டனில் தம் இல்லத்திலேயே அயலுறவுச் செயலர் பெயின்பிரிட்ஜ் கோல்பி பிரகடனத்தில் கையெழுத்திட்டு முடித்தார். மாத இறுதியில் ஊர் திரும்பியோர் திருத்தத்தை நிராகரித்து மற்றொரு வாக்கெடுப்பையும் நடத்தினர். எனவே டென்னசியின் குறிப்பேட்டில் ஏற்றதும் உண்டு, மறுத்ததும் உண்டு! மாநிலம் முறைப்படி அனுப்பிய சான்றே இறுதியானது என்று உச்ச நீதிமன்றம் 1922இல் தீர்ப்பளித்து அக்குழப்பத்தை முடித்தது. எழுதிய உரிமை எல்லோர் கைக்கும் வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தென்மாநிலங்களில் கறுப்பினப் பெண்களும் ஆண்களும் வரிகளாலும் தேர்வுகளாலும் அச்சுறுத்தலாலும் தடுக்கப்பட்டனர். 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரை அந்நிலை நீடித்தது.

அதே காலத்தில் நம் நாட்டிலும் இக்கேள்வி சட்டமன்ற உறுப்பினரின் கைக்கே வந்தது என்பது பலர் அறியாதது. 1919ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம், பெண்களுக்கு வாக்கு அளிப்பதா என்பதை மாகாணச் சட்டசபைகளின் முடிவுக்கு விட்டது. முதலில் முடிவு செய்தது சென்னை மாகாணம், 1921இல். சொத்துத் தகுதி உடைய பெண்களுக்கே அது பயன்பட்டது. எனினும் ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்த ஓர் அவை வாக்கெடுத்து அதனை வழங்கியது.

இன்றைய இந்தியச் சட்டமன்றங்களின் பதிவைப் படிப்போர் வேறொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறுகின்றன. உறுப்பினர் கோரினால்தான் பெயரோ எண்ணிக்கையோ பதிவாகும். 1985இல் அரசியலமைப்பில் சேர்ந்த பத்தாம் அட்டவணைப்படி, கட்சிக் கொறடாவின் ஆணையை மீறி வாக்களிப்பவர், கட்சி பொறுத்துக்கொண்டாலன்றி, பதவியை இழக்க நேரும். எனவே இங்கே ஒருவரின் ‘ஆம்’ அவருடைய கட்சியின் ‘ஆம்’ ஆகவே பெரிதும் இருக்கும். பர்னுக்கும் டர்னருக்கும் அத்தகைய விதி இல்லை. அவர்களைத் தண்டிக்கக் கூடியவர் தொகுதி மக்களே.

அம்மக்கள் என் செய்தனர்? அவ்வாண்டு நவம்பரில் மெக்மின் மாவட்டம் ஹாரி பர்னையே மீண்டும் தேர்ந்தெடுத்தது. வழக்கறிஞராகவும் வங்கியாளராகவும் வாழ்ந்த அவர், பிற்காலத்தில் மாநிலச் செனட் சபையிலும், மாநில அரசியலமைப்பைத் திருத்தக் கூடிய மாநாடுகளிலும் உறுப்பினராக இருந்து, 1977இல் காலமானார். நாக்ஸ்வில் நகரில் 2018இல் திறந்த சிலையில் அவர் அமர்ந்திருக்கிறார். அருகில் தாய் நிற்கிறார்.