குதிரையும் துப்பாக்கியும் மட்டும் போதுமா?

கௌபாய் படம் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு முதலில் ஜெய்சங்கர்தான் நினைவுக்கு வருவார். ஒளிப்பதிவாளர் எம். கர்ணன் இயக்கத்தில் 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா', 'ஜக்கம்மா' (இரண்டும் 1972), 'எங்க பாட்டன் சொத்து' (1975) என்று வரிசையாக வந்தன. படித்தவர்கள் 'ஹாலிவுட் காப்பி' என்று சிரித்தார்கள். டூரிங் கொட்டகை மண் தரையில் உட்கார்ந்தவர்கள் கைதட்டினார்கள்.

மூலப் படங்களின் பலம் வேறு. 1952-இல் வந்த 'ஹை நூன்' படத்துக்குப் பிரெஞ்சில் 'ரயில் மூன்று முறை கூவும்' என்று பெயர். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும். பழிவாங்க வில்லன் பகல் பன்னிரண்டு மணி ரயிலில் வருகிறான். ஊரில் ஒருவரும் துணைக்கு வரவில்லை. படத்தில் பெரும்பகுதி துப்பாக்கிச் சண்டையே இல்லை. கேரி கூப்பர் தெருவில் தனியாக நடக்கிறார். பயமும் பிடிவாதமும் அவர் முகத்தில் சேர்ந்தே தெரிகின்றன. ஆஸ்கார் விருதும் அந்த நடிப்புக்குக் கிடைத்தது.

கர்ணனும் இது தெரியாதவர் அல்ல. 'ஜக்கம்மா'வில் சாவித்திரியை நடிக்க வைத்தாரே! குதிரை ஓட்டம் கொஞ்ச நாளில் மறந்துபோகும். ஆள் பலம் இல்லாமல் நியாயத்தின் பக்கம் நிற்பவனின் முகம் மனதில் தங்கிவிடும். தாலுகா ஆபீஸிலும் ஊர்ப் பஞ்சாயத்திலும் அப்படித் தனியாக நின்றவர்களை நாமும் பார்த்திருக்கிறோம் அல்லவா?