குப்பியில் எத்தனை, சிரிஞ்சில் எத்தனை?

1922 ஜனவரி 11. டொராண்டோ பொது மருத்துவமனையில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஊசி போட்டார்கள். போட்டது 15 மில்லி, இரண்டு பக்கப் பிட்டத்திலும் ஏழரை ஏழரையாக. அந்த 15 மில்லிக்குள் மருந்து எவ்வளவு என்று போட்டவர்களுக்கே தெரியாது. மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த கலங்கல் சாறு அது. சர்க்கரை கொஞ்சம் இறங்கியது. ஊசி ஏறிய இடம் சீழ் பிடித்தது. உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் சுத்தம் செய்து கொடுத்த மருந்து 12 நாள் கழித்து ஏறிய பிறகுதான் பையன் தேறினான்.

ஒரு முறை எடுத்த சாற்றின் வீரியம் மறுமுறை இருக்காது. மில்லியை மட்டும் நம்பி ஊசி போட முடியாதென்று ஆனபோது வந்ததுதான் யூனிட். பட்டினி போட்ட முயலின் ரத்தச் சர்க்கரையை எவ்வளவு மருந்து எந்த மட்டத்துக்கு இறக்குகிறது என்று பார்த்துத்தான் முதலில் அதை வகுத்தார்கள். இன்று முயலுக்கு வேலையில்லை: ஒரு யூனிட் என்றால் 0.0347 மில்லிகிராம் மனித இன்சுலின். மருந்தும் மாட்டையும் பன்றியையும் விட்டு வந்துவிட்டது. 1982 முதல் மரபணு மாற்றிய பாக்டீரியாவிலும், பின்னர் ஈஸ்டிலும் விளைந்து விற்பனைக்கு வருகிறது.

மருந்து சுத்தமாக ஆக, ஒரு மில்லிக்குள் அடங்கும் யூனிட்டும் கூடியது: 20, 40, 80. இந்தக் குழப்பம் வேண்டாமென்று அமெரிக்கா 1970களிலும் பிரிட்டன் 1983இலும் 100க்கு மாறின. நம் ஊரில் 40 நிலைத்துவிட்டது. அரசு மருத்துவமனை வார்டில் பரவலாகப் பார்க்கும் 10 மில்லி குப்பியில் மில்லிக்கு 40, ஆக 400 யூனிட். பேனா ஊசிகளிலும் சில புதுவகைக் குப்பிகளிலும் இருப்பது 100. இரண்டும் ஒரே ஊரில், சில சமயம் ஒரே ஃபிரிட்ஜில்.

குளிர்பெட்டியில் கிளம்பி, கிடங்கு, மருந்தகம் என்று கைமாறி வார்டுக்கு வரும்வரை குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். கணக்கு தொடங்குவது வார்டில்.

காலைச் சாப்பாட்டுக்கு முன் 20 யூனிட் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறது. செவிலியர் கலங்கல் இன்சுலின் குப்பியை இரு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து உருட்டுகிறார். குலுக்குவதில்லை, நுரை வரும். சிரிஞ்சில் 20 கோடு வரை காற்றை இழுத்துக் குப்பிக்குள் தள்ளுகிறார். குப்பியைக் கவிழ்த்து, கோடு கண்மட்டத்துக்கு வருமாறு பிடித்து மருந்தை இழுக்கிறார். குமிழியை விரலால் சுண்டி மேலேற்றி வெளியேற்றுகிறார். வேண்டியது 20, கையிலிருப்பது மில்லிக்கு 40: இருபதை நாற்பதால் வகுத்தால் அரை மில்லி. சிவப்பு மூடி போட்ட 40 சிரிஞ்சில் இந்த வகுத்தல் கோடாகவே அச்சாகியிருக்கிறது.

வேறு சிரிஞ்சு மாட்டினால்? ஆரஞ்சு மூடியுள்ள 100 சிரிஞ்சில் 20 கோடு என்பது 0.2 மில்லி. நாற்பது குப்பியிலிருந்து இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். திருப்பிப் போட்டால் ஆபத்து: நூறு குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட். கை நடுங்கி, வேர்த்து, நினைவு தப்ப அது போதும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கோடு உதவாது, கணக்கேதான் போட வேண்டும். சர்க்கரை ஏறி ரத்தம் அமிலமாகிப் போன நோயாளிக்கு 50 மில்லி சிரிஞ்சு பம்ப்பில் 50 யூனிட் கலப்பார்கள். நாற்பது குப்பியென்றால் 1.25 மில்லி மருந்து, 48.75 மில்லி சலைன். கிலோவுக்கு மணிக்கு 0.1 யூனிட், 60 கிலோ ஆளுக்கு 6 யூனிட், அதாவது மணிக்கு 6 மில்லி. பழக்க தோஷத்தில் நூறு குப்பியிலிருந்து அதே 1.25 மில்லியை எடுத்தால் கலவையில் 125 யூனிட். பம்ப் 6 என்றே காட்டும். உடம்புக்குள் ஓடுவது 15. சர்க்கரையோடு பொட்டாசியமும் சரியும். அதனால்தான் இன்சுலினை இன்னொரு செவிலியர் தனியாகக் கணக்கிட்டுச் சரிபார்த்த பிறகே போட வேண்டும் என்பது விதி. ‘யூனிட்’டுக்கு U என்ற ஆங்கில எழுத்தை மட்டும் போடக் கூடாது என்பதும் அப்படித்தான்: அவசரத்தில் அந்த எழுத்து பூஜ்ஜியமாகத் தெரிந்தால் 4 யூனிட் 40 ஆகிவிடும்.

குப்பியின் கடைசி இடம் வீடு. காலை 20, இரவு 10 என்றால் 400 யூனிட் 13 நாள் வரும். மெதுவாகச் செலவானாலும் திறந்து நான்கு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈர மணலில் வைத்த மண்பானை போதும். இங்கே சரிபார்க்க இரண்டாவது செவிலியர் இல்லை, நீங்கள்தான் இருக்கிறீர்கள். கடைக்காரர் எந்த சிரிஞ்சைக் கொடுத்தாலும், குப்பியில் அச்சிட்ட எண்ணும் சிரிஞ்சில் அச்சிட்ட எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.