கண்ணன், ரவீந்திரன்

ரவீந்திரன் கண்ணன் (பிறப்பு: 1953, சென்னை) கணினியியல் கோட்பாட்டாளர், கணித அறிஞர். மும்பை ஐ.ஐ.டி.யில் படித்து, 1980இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கார்னெகி மெலன், யேல் பல்கலைக்கழகங்களில் கற்பித்தபின் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் பணியாற்றினார்.

அணிகள் குறித்த அவரது முதல் பெரிய முடிவு, அச்சிம் பாகெமுடன் 1979இல் வெளியிட்டது. முழு எண் அணியை ஹெர்மிட், ஸ்மித் வடிவங்களுக்குச் சுருக்கும்போது இடைக்கணக்கில் எண்கள் கட்டுக்கடங்காமல் பெருகும். அவற்றை அளவுக்குள் வைத்துப் பல்லுறுப்புக்கோவை நேரத்தில் முடிக்க இருவரும் வழி கண்டனர். முழு எண் சமன்பாடுகளைப் பொறுத்தவரை ஃப்ரூம்கினும், கேதன்–சீவெகிங் இணையரும் 1976இலேயே இதற்கு நெருங்கிய முடிவை எட்டியிருந்ததால், முதன்மை யாருக்கு என்பதில் நூல்கள் ஒரே குரலில் பேசுவதில்லை.

குவி உருவங்களின் கன அளவை மதிப்பிட்டதற்காக மார்ட்டின் டையர், ஆலன் ஃப்ரீஸ் ஆகியோருடன் 1991இல் ஃபுல்கர்சன் பரிசு பெற்றார்.

கண்ணனின் பெயர் அணிக் கணிப்பில் நிலைத்தது 1998இல் ஃப்ரீஸ், சந்தோஷ் வெம்பாலாவுடன் எழுதிய ஆய்வால்தான். கோடிக்கணக்கான உறுப்புகள் கொண்ட அணியைத் தோராயமாகச் சுருக்க, முழுவதையும் கணக்கில் ஏற்ற வேண்டுமா? சில நிரைகள் போதும் என்பது அவர்கள் விடை. ஆனால் கண்மூடித்தனமாக எடுத்தால் கனமான நிரை தவறிவிடலாம். ஆகவே ஒவ்வொரு நிரையும் அதன் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ற நிகழ்தகவில் தேர்வாகிறது. இரு நிரைகளின் நீளம் 3, 4 என்றால் வாய்ப்பு 9/25, 16/25. எடுத்த நிரையை அந்த நிகழ்தகவின் வர்க்கமூலத்தால் வகுத்தால், எந்த நிரை வந்தாலும் நீளம் 5தான். குட்டையும் நெட்டையும் இப்படிச் சமமாகி நிற்பது இம்முறையின் தனி அழகு. நிரைகளை இவ்வாறு தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால், மீதிக் கணக்குக்கு ஆகும் நேரம் அணியின் அளவையே சார்வதில்லை. சுருக்கிய அணிக்கு வேண்டிய தரம் (rank), ஏற்கும் பிழை இரண்டையும் மட்டுமே சார்கிறது.

பிழையை அணியின் மொத்த அளவோடு ஒப்பிடுவதால் நடைமுறையில் இது எவ்வளவு பயன்தரும் என்பது விவாதத்துக்குரியது. மிகச் சிறந்த தோராயத்தின் பிழையோடு ஒப்பிட்டுச் சார்புப் பிழை உறுதி தரும் முறைகள் 2006 வாக்கில் வந்தன. அதே ஆண்டு பெட்ரோஸ் டிரினியாஸ், மைக்கேல் மஹோனியுடன் கண்ணன் எழுதிய மூன்று பகுதிக் கட்டுரை, அணிப் பெருக்கலுக்கும் இந்த உத்தியை விரித்தது.

2011இல் அவருக்கு நூத் பரிசு கிடைத்தது. 2018இல் ஈவின் டாங், பரிந்துரை அமைப்புகளுக்கான குவாண்டம் வழிமுறைக்கு நிகராகச் சாதாரணக் கணினி வழிமுறையை உருவாக்கியபோது, அதன் அடிப்படையாக 1998ஆம் ஆண்டு உத்தியே அமைந்தது. ஆவ்ரிம் பிளம், ஜான் ஹாப்கிராஃப்டுடன் கண்ணன் எழுதிய தரவு அறிவியல் பாடநூலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 2020இல் வெளியிட்டது.